எண்பது கிலோவுக்குக் கீழே

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு வைத்திருந்த பெயர் குண்டக்கா. முதுகுக்குப் பின்னால் சொல்கிற பெயர் இல்லை. தட்டை நீட்டிக்கொண்டு நேருக்கு நேராகவே, "குண்டக்கா, இன்னும் ஒரு கரண்டி" என்பார்கள். அவளும், "ஏன்டா, என் உடம்பைச் சொன்னாத்தான் உனக்கு வயிறு நிறையுமா?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றுக்கு இரண்டாகப் போடுவாள். நாற்பத்தைந்து வயது. பத்தொன்பது வருடமாக அங்கே தலைமைச் சமையல்காரி. அறுநூறு பேருக்குச் சமைக்கிறவள் ஈர்க்குச்சி மாதிரி நின்றால் அந்தச் சாப்பாட்டை எவன் நம்பி வாயில் வைப்பான் என்பது அவள் கட்சி.

அந்த உடம்பு அவளுக்கே பாரமானது ஆஸ்பத்திரியில்தான். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், கையில் குழாயைச் செருகிக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக் கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தான். அக்காவின் ரத்தம் தம்பியுடையதோடு ஒத்துப்போனது. "என்னோடதுல ஒண்ணை எடுத்துக்குங்க டாக்டர்" என்று, யாருக்கோ குழம்பு ஊற்றுகிற தோரணையில் சொன்னாள். டாக்டர் அவளை எடை மெஷினில் ஏறச் சொன்னார். தொண்ணூற்றேழு காட்டியது.

"எண்பதுக்குக் கீழ வாங்கம்மா. அப்புறம்தான் ஸ்கேன், மத்த டெஸ்ட் எல்லாம். இந்த எடையில உங்களை ஆபரேஷனுக்குப் படுக்க வெச்சா உங்க உயிருக்கு யார் பதில் சொல்றது?"

"எத்தனை நாள்ல வரணும்?"

"ஆறு மாசம்னு வெச்சுக்குங்க. அவர் இதயம் ஏற்கெனவே களைச்சுப் போயிருக்கு. ரொம்ப நாள் தள்ள முடியாது."

பக்கத்து அறையில் உணவு ஆலோசகர் இருந்தாள். கல்லூரி மாணவி என்றே சொல்லக்கூடிய முகம். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரைக்கும் அளவாகச் சாப்பிடலாம், மீதிப் பதினாறு மணி நேரமும் எதுவும் கூடாது என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினாள்.

"தண்ணி மட்டும் தாராளமா குடிங்க. மறக்கக் கூடாது, சரியா?" என்று அந்த வரியின் அடியில் கோடும் போட்டாள்.

அக்கா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பசியை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். தண்ணீரைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்?

பசி அவள் நினைத்ததைவிட மோசமாகத்தான் இருந்தது. காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறவள் பன்னிரண்டு வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெங்காயம் வதங்கி நிறம் மாறுகிற நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வரும். பெரிய அண்டாவைத் துழாவும்போது கரண்டிக்குப் பதிலாகத் தானே உள்ளே விழுந்துவிடுவோமோ என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே உப்புப் பார்க்கிற வேலை. அந்தச் சமையலறையில் அவள் இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் ஒரு பாத்திரமும் வெளியே போனதில்லை. முதல் இரண்டு நாள் நாக்கில் வைத்துவிட்டுத் தொட்டியில் துப்பினாள். மூன்றாம் நாள் அவளைக் கேட்காமலே தொண்டை விழுங்கிவிட்டது. ஒரு சொட்டுக் குழம்புதான். அன்று முழுக்கத் திருடிவிட்டு வந்தவள்போல யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள்.

அதன் பிறகு உப்புப் பார்க்கிற வேலையைப் பாத்திரம் கழுவுகிறவளிடம் கொடுத்தாள். நாள் முழுக்க வெந்நீரில் வேர்த்துக் கொட்டுகிறவள் அவள். எவ்வளவு உப்புப் போட்டாலும் அவள் நாக்குக்குக் குறைவாகவே பட்டது. "இன்னும் கொஞ்சம் போடலாம்க்கா" என்பாள். நாலாவது நாள் வெல்டர் ஒருவன் தட்டோடு வந்து நின்றான்.

"குண்டக்கா, கடலையே மொண்டு ஊத்திட்டியா? நாங்க என்ன கருவாடா?"

வரிசையே சிரித்தது. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். அவள் காரணத்தைச் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து உப்பை டம்ளரால் அளந்து போடக் கற்றுக்கொண்டாள். சாப்பாடு சுமாராக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக யாரும் இரண்டாவது கரண்டி கேட்காமல் போனார்கள்.

வீட்டில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு அறை வீடு, மூன்றாவது மாடி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல நின்னுபோன லிஃப்டையெல்லாம் ஓட வெச்சவன், லிஃப்ட் இல்லாத வீட்டு மூணாவது மாடியில வந்து மாட்டிக்கிட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அந்த ஒரு நகைச்சுவைதான் அவனிடம் மிச்சம். உடம்பிலிருந்து நீர் பிரியாததால் ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீருக்கு மேல் அவன் குடிக்கக் கூடாது. காலையில் அவன் மனைவி ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றித் தலைமாட்டில் வைப்பாள். மருந்து விழுங்க, சாப்பாட்டுக்கு, நாக்கை நனைக்க, எல்லாம் அதற்குள்தான். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பாட்டில் காலியாகிவிடும். பிறகு விடியும் வரைக்கும் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு கிடப்பான்.

அக்கா பட்டினி தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு நாள். வேலை முடிந்து மூன்று மாடி ஏறி வந்தவள் மேசையில் இருந்த ஜக்கைத் தூக்கி அண்ணாந்து மடக்மடக்கென்று பாதிக்கு மேல் குடித்துவிட்டு வைத்தாள். திரும்பினால், கட்டிலில் தம்பி. அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா குடிக்கா. சத்தத்தைக் கேட்டே எனக்குப் பாதித் தாகம் போயிடுச்சு" என்றான் சிரித்துக்கொண்டே.

அவளும் சிரித்துவைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் கண்ணெதிரேயும் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படி ஒன்றும் சபதம் போடவில்லை. ஜக்கைத் தூக்கினால் கை கீழே இறங்கிவிடும், அவ்வளவுதான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் எடை மெஷின் இருந்தது. காலையில் முதலில் தம்பி ஏறுவான், பிறகு அக்கா. காலண்டரில் அவன் எடையை நீலப் பேனாவிலும் அவள் எடையைச் சிவப்புப் பேனாவிலும் தம்பி மனைவி எழுதுவாள். ஒரு சிகிச்சைக்கும் அடுத்த சிகிச்சைக்கும் நடுவில் தம்பிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. 'ஏறினது எல்லாம் தண்ணி' என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிச் சொல்லி வீட்டில் மூவருக்கும் அது மனப்பாடம். ஒரு காலையில் அக்கா தாகம் தாங்காமல் குளியலறையில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மெஷினில் ஏறினாள். முந்தின நாளைவிட நானூறு கிராம் கூட. ஒரு நாள் பூராவும் பசித்துக் கிடந்தது வீணாகிவிட்டதே என்று இறங்கி மறுபடியும் ஏறிப் பார்த்தாள்.

"ஏறினது எல்லாம் தண்ணிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தம்பி உடம்புக்குச் சரியான கணக்கு தன் உடம்புக்குச் சரிவராது என்று அவளுக்குத் தோன்றவில்லை. எடையைப் பற்றி அந்த வீட்டுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து கேன்டீனிலும் விட்டுவிட்டாள். மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். நாலு அடுப்பின் அனலில் நின்று சிந்திய வேர்வைக்கு அவள் உடம்பு எங்கே போய்க் கடன் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது.

எடை இறங்கியது. தொண்ணூறு. எண்பத்தாறு. சட்டை தோளிலிருந்து நழுவியது. கன்னம் ஒட்டிக் கண்ணுக்குக் கீழே கருத்தது. கேன்டீனில், "குண்டக்காவை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்கே? நீ யாரு, அவங்க தங்கச்சியா?" என்று கிண்டல் செய்தார்கள். அவள் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் அளந்து போட்டாள். வாய்ப் பேச்சும் எடையோடு சேர்ந்து இறங்கிவிட்டதுபோல இருந்தது.

பாத்திரம் கழுவுகிறவள்தான் ஒரு நாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, உதடு வெடிச்சிருக்கு பாருங்க. ஒரு வாய் தண்ணி குடிங்களேன்."

"குடிச்சா ஏறிடும்டி."

"தண்ணியில எங்கக்கா கொழுப்பு இருக்கு?"

"உனக்குத் தெரியாது. எங்க வீட்ல தினம் பாக்கிறோம்."

இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு வலி வந்து வந்து போயிற்று. பத்தொன்பது வருடம் நின்றே வேலை பார்த்த முதுகு, வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். சிறுநீர் அடர்ந்த பழுப்பாக, எரிச்சலோடு போனது. கொழுப்பு கரைகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி மெஷின் எழுபத்தொன்பது புள்ளி நாலு காட்டியது. கூட வந்திருந்த தம்பி மனைவி அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணி, அண்ணி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றே ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு கேட்க அவள் தனியாகப் போனாள்.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் இரண்டு அவரை விதை. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"ரெண்டு பக்கமும் கல்லு இருக்கும்மா. இந்தப் பக்கம் மூணு, இந்தப் பக்கம் ரெண்டு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "ரெண்டு டம்ளர்."

"நீங்க கிச்சன்லதானே வேலை பாக்கிறீங்க?"

"ஆமா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கல்லை எடுத்துட்டு அப்புறம் கிட்னியை எடுக்கலாமில்ல டாக்டர்?"

"கல்லை எடுப்போம். உங்களுக்காக எடுக்கணும். ஆனா ரெண்டு பக்கமும் கல் வர்ற உடம்புலேர்ந்து ஒரு கிட்னியை எடுத்துட்டு, மிச்சம் ஒண்ணோட உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா. அது அடைச்சா நீங்களும் உங்க தம்பிக்குப் பக்கத்துப் பெட்ல படுக்கணும்."

"தண்ணி குடிக்காததாலயா?"

"அது மட்டும்தான்னு சொல்ல மாட்டேன். முன்னாடியே ஒண்ணு ரெண்டு இருந்திருக்கலாம். நாங்களும் முதல்லயே ஸ்கேன் பாத்திருக்கணும்."

பின்பாதி அவள் காதில் ஏறவில்லை. தம்பியின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது, மூன்று நாலு வருடம் ஆகலாம் என்றார். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்றார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். வழியில் எங்கும் குடிக்கவில்லை.

கதவைத் திறந்த தம்பி மனைவி, அவள் முகத்தைப் பார்த்ததுமே பின்னால் நகர்ந்து வழிவிட்டாள். தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"என்னக்கா, பெயிலா?"

"ஆமாடா."

"எதுல? எடை சரியாத்தானே இருந்துது?"

"கல்லு இருக்காம். ரெண்டு பக்கமும்." பையைத் தோளிலிருந்து எடுக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். "தண்ணி பத்தலையாம்."

தம்பி மனைவிதான் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிறவள்போல, "அண்ணி இந்த வீட்ல தண்ணி குடிச்சு நான் பாத்தே மாசக்கணக்காச்சு" என்றாள்.

தம்பிக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் ஊதியிருந்த அவன் முகம் சிவந்தது.

"யார் உன்னைக் கேட்டா? நான் கேட்டேனா, தண்ணி குடிக்காதேன்னு?"

"நீ கேக்கல."

"அப்புறம்?"

"நீ பாத்துக்கிட்டே இருந்தடா."

"பாப்பேன்! எவன் குடிச்சாலும் பாப்பேன். டிவியில குடிச்சாக்கூடப் பாப்பேன். தெருவுல நாய் குடிச்சாலும் பாப்பேன். அதுக்குன்னு..." மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினான். "அக்கா, எனக்கு வர வேண்டியது அது. அதைக் காய வெச்சுட்டியே."

சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன உடனேயே அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கோ, அந்த ஐந்து மாதத்தில் யாராவது ஒருவர் உள்ளதைச் சொன்னார்களே என்று இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டினி கிடந்து கரைத்த பதினேழு கிலோ உடம்பில் எங்கே இருந்தது என்றே அவளுக்கு இப்போது நினைவில்லை. கேன்டீனுக்கு நாளைக்கும் ஐந்து மணிக்குப் போக வேண்டும். நாளை மறுநாள் தம்பியை அந்த இயந்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அடுத்த வாரமும். அதற்கு அடுத்த வருடமும்.

"டாக்டர் எவ்வளவு குடிக்கச் சொன்னார்?" என்றான் தம்பி, குரல் இறங்கி.

"மூணு லிட்டர்."

"இன்னைக்கு எவ்வளவு ஆச்சு?"

அவள் மேசையில் இருந்த ஜக்கைப் பார்த்தாள். அவன் மனைவியிடம், "ஜக்கை நிறைச்சுக் கொண்டா" என்றான். கொண்டுவந்தாள்.

"நான் உள்ள போய்க் குடிச்சுக்கிறேன்டா."

"இங்கயே குடி."

முதல் வாய் தொண்டைக்குள் இறங்க மறுத்து மூக்கில் ஏறியது. இருமினாள். துடைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினாள். இந்தத் தடவை இறங்கியது. எத்தனை மாதத் தாகம் என்று உடம்பே கணக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றதுபோல, நிறுத்த முடியாமல் குடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. எதிரே அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் விழுங்க விழுங்க அவனுடைய வறண்ட தொண்டையும் மேலும் கீழும் ஏறி இறங்கியது.

மூச்சு வாங்குவதற்காக ஜக்கை மடியில் வைத்தாள்.

"இன்னும் இருக்கு" என்றான் அவன், ஜக்கைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.