காந்தளின் கிழங்கு

என் மதினியின் சாவுக்குக் காரணம் நான்தான். அவர் தானாகவே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று திண்டுக்கல்லில் எங்கள் தெருவே நம்பியது. நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

விஷம் வைத்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. நான் பூக்களை உலர்த்திப் படம் செய்கிறவன். பழைய செய்தித்தாளுக்கு நடுவே பூவை வைத்து, மேலே செங்கல் அடுக்கி, ஈரம் போகும்வரை தினமும் தாள் மாற்றி, பிறகு அட்டையில் மாவுப் பசையால் ஒட்டுவேன். பறித்த நாளைப் படத்தின் முதுகில் எழுதிவைப்பேன். அதைப் பார்த்து மதினி சிரிப்பார்.

"பூவுக்கெல்லாம் ஜாதகம் எழுதுற ஒரே ஆளு எங்க கொழுந்தன்தான்."

ஐம்பத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். சிறுமலை அடிவாரத்தில், பழம்பாடல்களில் மட்டுமே படித்திருந்த காந்தளைக் கொடியோடு கண்டேன். பூ மட்டும் போதாது, முழுச் செடியும் படத்தில் வேண்டும் என்ற பேராசை... கிழங்கோடு தோண்டி எடுத்தேன்.

எங்கள் பக்கம் அது கண்வலிப் பூ. பார்த்தாலே கண் நோகும் என்று வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். மதினி வாசலிலேயே மறித்தார்.

"அதத் தூக்கிப்போட்டுட்டு உள்ள வாங்க தம்பி. கண்ணு வலின்னு படுத்தா யாரு பாக்குறது?"

"சரி மதினி" என்றேன். கொல்லைப்புறமாகக் கொண்டுவந்துவிட்டேன்.

பூவும் இலையும் தாளுக்குள் அடங்கின. கிழங்கு அடங்கவில்லை. அறுத்தெடுத்தேன். பிறகு மெல்லிய சீவலாக்கி ஒட்டலாம், அதுவரை யார் கண்ணிலும் படக்கூடாது. அடுக்களையில் வள்ளிக்கிழங்குக் கூடையின் அடியில் செருகினேன். கிழங்கோடு கிழங்காகக் கிடந்தால் யாருக்குத் தெரியும்?

அது ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பூவைப் பற்றிய பயத்தை மனத்துக்குள் கேலி செய்துகொண்டே, கிழங்கைப் பற்றிய பயத்தையும் மறந்துபோனேன்.

கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் மதினி விரதம். பகலெல்லாம் பட்டினி. பொழுது சாய்ந்ததும் வேகவைத்த கிழங்கு, அவருக்கு மட்டும். அந்தத் திங்களும் கூடையிலிருந்துதான் எடுத்து வேகவைத்தார். கசந்திருக்குமே... விரதச் சாப்பாட்டை வீணாக்கக்கூடாது என்று விழுங்கினாரா?

முந்தின நாள்தான் அண்ணன் அவரிடம், "ஒங்கப்பன் வீட்டுக்கே போய்த் தொல" என்று கத்தியிருந்தார். தெருவே கேட்டது. தட்டில் மிஞ்சிய துண்டைப் பக்கத்து வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்து, "இது கண்வலிக் கிழங்குல்ல?" என்றார். அதன்பின் யாரும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மதினிக்கு நினைவு இருந்தது. "நான் ஒண்ணும் பண்ணல. கூடையில இருந்த கிழங்கத்தான் தின்னேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றார்கள். நான் கட்டில் காலடியில் நின்றிருந்தேன். என்னையும் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி."

நான் சொல்லவில்லை.

அவர் போனபின் அந்தப் படத்தை எரித்திருக்கலாம். எரிக்கவில்லை... முடித்தேன்! அதன் முதுகில் மட்டும் தேதி இல்லை. சிவப்பு இன்னும் வெளுக்கவில்லை.

அறுபதுகளும் முடியப்போகின்றன. அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புகையிலைக் கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது திடீரென்று கேட்பார். நேற்றும் கேட்டார்.

"அம்புட்டுப் பெரிய வார்த்தையாடா நான் சொன்னது?"

"கொஞ்சம் பெருசுதாண்ணே" என்றேன்.