தம்பியைக் கூட்டிவரப் போன இடம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், என் தம்பியை ரொறொன்ரோவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்ற முடிவோடு நோர்வேக்குப் போனேன். முடிவு என்னுடையது. அவனுக்கு அது இன்னும் தெரியாது. ஸ்காபரோவில் நானும் அம்மாவும் இருந்த அடுக்குமாடியில் அவனுக்கு ஓர் அறை ஒதுக்கியாயிற்று. நான் வேலை செய்த தொழிற்சாலையில் சுப்பவைசரிடமும் சொல்லி வைத்தாயிற்று. யூனியன்வில்லில் ஒரு பெண்ணின் சாதகம் பொருந்திவிட்டது. கலியாணம் முடிந்தால் அவளே ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிடுவாள். மாப்பிள்ளை சம்மதிப்பது ஒன்றுதான் பாக்கி. அதை ஒரு வேலையாகவே நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் பார்ப்பது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தம்பி இருந்தது நோர்வேயின் வடக்கில், லொஃபோட்டன் தீவுகளில். பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போனவன், ஒன்பது வருடமாக அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. பனிக்குள் தனியாகக் கிடந்து மீன் வெட்டுகிறான், பாவம் என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்த அடுத்த நாள் அவனுக்கு லீவு. காலையிலேயே தன் பழைய காரைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏறுங்கோ அக்கா. கடைசித் தீவு வரைக்கும் போய் வருவம். வழியிலை வைக்கிங் ஆக்களின்ரை மியூசியம் ஒண்டும் இருக்கு."

போகிற வழியில் கதையைத் தொடங்கிவிடலாம் என்று நானும் ஏறினேன்.

தொடங்க முடியவில்லை. தினமும் 401 நெடுஞ்சாலையில் லொறிகளின் பின்பக்கத்தையே பார்த்துப் பழகிய கண் எனக்கு. இங்கே கடலுக்குள்ளிருந்து மலைகள் நேராக எழும்பி நின்றன. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் பாலம், பாலம் முடிந்தால் கடலுக்கு அடியில் சுரங்கம், வெளியே வந்தால் பச்சைக் கண்ணாடி போலத் தண்ணீர், வெள்ளை மணல். கரையில் சிவப்புப் பூசிய மரவீடுகள். நடுரோட்டில் ஆடுகள் படுத்திருந்தன. தம்பி ஹோர்ன் அடிக்காமல் அவை எழும்பும்வரை காத்திருந்தான். வாய் ஓயாத நான் ஒரு மணிநேரம் பேசாமல் வந்தேன். அம்மா பார்த்திருந்தால் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டிருப்பா.

ஒரு வளைவில் காரை நிறுத்தினான். வீட்டு உயரத்துக்கு மரச்சட்டங்கள், அவற்றில் இரண்டிரண்டாக வால் கட்டிய மீன்கள். பெரும்பாலும் இறக்கிவிட்டார்கள், இது கடைசி என்றான். உப்பே போடாத கருவாடு. குளிரும் காற்றும்தான் காய வைக்கின்றன. ஒன்றைக் கழற்றி அதன் முதுகில் தட்டினான், காதோடு வைத்துக் கேட்டான், மணந்து பார்த்தான்.

"இது முதலாந் தரம். இப்பிடித் தரம் தரமாப் பிரிக்கிறதுதான் இப்ப என்ரை வேலை. இந்த வேலைக்கு லேசிலை ஆளை எடுக்கமாட்டினம் அக்கா, பழக வருஷக்கணக்காகும்."

அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவனுக்கென்று சுப்பவைசரிடம் நான் கேட்டு வைத்திருந்தது பெட்டி அடுக்குகிற வேலை.

மியூசியம் ஒரு மேட்டில் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன் வைக்கிங் கடலோடிகளின் தலைவன் ஒருவன் வாழ்ந்த வீட்டை, அதே இடத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கவிழ்த்த கப்பல் மாதிரி நீளக் கூரை. கதவைத் திறந்தால் நடுவில் நெருப்பு எரிகிறது, அதன்மேல் பெரிய பானையில் சூப் கொதிக்கிறது, அந்தக் காலத்துக் கம்பளி உடுப்புப் போட்ட மியூசியக்காரி ஒருத்தி தறியில் இருக்கிறாள். அடுப்பு எரிகிற வீட்டுக்குள் சப்பாத்தோடு போக என் கால் கேட்குமா? வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு நடந்தேன்.

பத்தடி போனதும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய வந்திருந்த வயதான வெள்ளைக்காரர்கள், இதுதான் இங்கே சட்டம் என்று நினைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். தறியில் இருந்தவள் எழுந்து வந்தாள். விஷயத்தை அவன் சொல்ல, என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இந்த வீட்டுக்கு இப்படி மரியாதை செய்த முதல் ஆள் நீங்கள்தான்," என்றாள் ஆங்கிலத்தில். பிறகு தம்பியின் தோளில் தட்டி, லீவு நாட்களில் அவன் வந்து இங்குள்ள வைக்கிங் கப்பலுக்குத் துடுப்புப் போடுவான் என்றும், "இவன் எங்கள் ஆள்" என்றும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. யாருடைய ஆள்?

அவள்தான் அந்தத் தலைவனின் கதையைச் சொன்னாள். ஒருநாள் அவன் மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள் எல்லாரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஐஸ்லாந்துக்குப் போய்விட்டானாம்.

"அவர்களுக்குப் போக விருப்பம் இருந்ததா?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? தலைவன் சொன்னால் ஏற வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. ஊரில், எங்கள் குசினி அடுப்படியில் அப்பாவும் அம்மாவும் நானும் இருந்து பேசி, தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குச் சரி சொன்ன பின்னேரம் ஞாபகம் வந்தது. தம்பி ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்து இறங்கியபோது அவனுடைய பை கட்டி வாசலில் இருந்தது. அவன் பையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

திரும்பி வருகையில் ஒரு மணற்கரையோரம் காரை நிறுத்தச் சொன்னேன். அறை, வேலை, பெண் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பிறகு கேட்டேன்.

"உண்மையாச் சொல்லு. உனக்கு எங்கை இருக்க விருப்பம்?"

அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இஞ்சைதான் அக்கா," என்றான். "என்னை ஆரும் இப்பிடிக் கேட்டது இதுதான் முதல் தரம்."

அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அவனை இழந்துவிட்டேன் என்று ஒரு பக்கம், இந்தத் துருவத்தில் தனியாக நின்று இப்படி ஆளாகிவிட்டானே என்று மறுபக்கம். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அம்மாவுக்கு நான் சொல்லுறன்," என்றேன்.

"சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு அவவையும் ஒருக்காக் கேளுங்கோ, அவவுக்கு எங்கை இருக்க விருப்பமெண்டு."

அம்மாவைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டது நான். அவ வந்து ஆறு வருடமாகியிருந்தது.