கூட ஆறு சீட்டு அடித்த சுந்தரம் அண்ணாச்சி

“கூட ஆறு குடுத்தது ஒரு குத்தமா டீச்சர்?”

என் ஒன்பதாம் வகுப்பின் நடுவில் நின்று இப்படிக் கேட்ட சுந்தரம் அண்ணாச்சி இன்று காலை இறந்துவிட்டார். சிவகாசியில் எங்கள் பள்ளிக்கு எதிரே சின்னதாக ஒரு பிரஸ் வைத்திருந்தவர். பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை...

அது 2006, உள்ளாட்சித் தேர்தல் நேரம். ஊரே ஓட்டுக் கேட்டு அலையும்போது வாக்குரிமையைப் புத்தகத்தில் மட்டும் படிப்பானேன் என்று வகுப்பிலேயே ஒரு தேர்தல் வைத்தேன்.

ஜெயிப்பவர் கேட்கும் ஒரு கோரிக்கையை நிறைவேற்றுவதாகத் தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். போட்டியிட்டது இரண்டு பேர். கருப்பசாமி கேட்டது இன்னொரு விளையாட்டு பீரியட்.

செல்வி கேட்டது பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள். அதுவரை ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

காலண்டர் சீசன் நெருக்கடியிலும் ஓட்டுச்சீட்டு அடித்துக் கொடுத்தார் அண்ணாச்சி. சின்னத்துக்கு அவரிடம் இருந்ததெல்லாம் பட்டாசு லேபிளுக்குப் படம் அடிக்கும் பிளாக்குகள்தான்... செல்விக்குச் சங்குசக்கரம், கருப்பசாமிக்குப் புஸ்வாணம்.

“ஏலே, ஒன் சின்னம் மாதிரியே நீயும் கொஞ்ச நேரந்தான் பொங்குவ!”

“ஒன் சக்கரம் மட்டும் என்ன, நின்ன எடத்துலயேதான சுத்தும்!”

பிரச்சாரம் இப்படிக் காரசாரமாகப் போனது. வாக்குப்பதிவும் அமைதியாக முடிந்தது. எண்ணினோம்... புஸ்வாணம் 27, சக்கரம் 23.

கருப்பசாமியைத் தூக்கிக்கொண்டு பையன்கள் ஆடும்போது செல்வி எழுந்தாள். “டீச்சர், நம்ம கிளாஸ்ல நாப்பத்து நாலு பேருதான. மிச்ச ஆறு பேரு எங்கன இருக்காக?”

தவறு என்னுடையதுதான். அச்சாகி வந்த சீட்டுக் கட்டை எண்ணிப் பார்க்காமல், வாக்குச்சாவடி அதிகாரியாக இருந்த மாணவன் ஜெபராஜிடம் அப்படியே கொடுத்திருந்தேன்.

ஜெபராஜ் தலையைச் சொறிந்தான். “சீட்டு மிஞ்சிச்சு டீச்சர். வீணாப் போகக் கூடாதுன்னு கேட்டவுகளுக்கு ரெண்டாவது குடுத்தேன்.” கல்யாணப் பந்தியில் பரிமாறிப் பழகிய கை.

சாட்சியாக அண்ணாச்சியை அழைத்தோம். கையெல்லாம் மையோடு வந்தார்.

“வேஸ்டேஜுக்குன்னு கூட நாலு சேக்காம எந்த பிரஸ்காரனாவது ஆர்டர் குடுப்பானா? லேபிள்ல கொறைஞ்சா லோடு நிக்கும். பத்திரிகையில கொறைஞ்சா சம்பந்தியே கோவிச்சுக்கிடுவாக. கூட ஆறு குடுத்தது ஒரு குத்தமா டீச்சர்?”

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். “தேர்தலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போர்ஷனை முடிங்க” என்றார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சி விடவில்லை. “சார்வாள், என் பிரஸ்ஸால எலெக்சன் நின்னுச்சுன்னு ஊருக்குள்ள பேச்சு வந்தா நான் எப்படித் தொழில் பண்றது? நாளைக்கே திரும்ப நடத்துங்க. கரெக்டா நாப்பத்து நாலு தாரேன்.”

மறுநாள் கட்டோடு அவரே வந்து, இரண்டு வேட்பாளர்கள் முன்னாலும் மூன்று முறை எண்ணிக் காட்டினார். கூடுதலாக ஒன்றுகூட இல்லாமல் கொடுத்ததில் அவருக்கு முகமே சரியில்லை... ஏதோ வாழை இலையில் பாதிச் சாப்பாடு வைத்துவிட்டவர் மாதிரி நின்றார்.

விரலில் வைத்தது அவருடைய அச்சு மை. இரண்டாவது சீட்டு கேட்டு எவனும் வர முடியாது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று அந்த வாரம் முழுக்க எனக்குப் புகார்.

சக்கரம் 23, புஸ்வாணம் 21. கருப்பசாமி செல்விக்குக் கை கொடுத்துவிட்டு, “அடுத்த வருசம் பாப்போம்” என்றான்.

தலைமையாசிரியரும் வாக்கைக் காப்பாற்றினார்... ‘அனுமதிக்கப்பட்டது’ என்று செல்வி கொடுத்த மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாழ்ப்பாளைத்தான் காணோம்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தார் அண்ணாச்சி. பிறகு ஸ்க்ரூடிரைவரோடு வந்து இறங்கினார். கையில் இரண்டு தாழ்ப்பாள்.

“எதுக்கு ரெண்டு அண்ணாச்சி?”

“ஒண்ணு வேஸ்டேஜ் டீச்சர்.”

அந்த இரண்டாவதை ஆசிரியைகள் கழிப்பறையில் மாட்டினோம். அங்கேயும் தாழ்ப்பாள் இருந்ததில்லை. குடிமையியல் டீச்சராகிய நான் அதுவரை ஒரு மனுகூட எழுதியதில்லை.

போய் வாருங்கள் அண்ணாச்சி.

நண்பர்களே, அடுத்த முறை பிரஸ்ஸிலிருந்து ஒரு கட்டு வந்தால் பிரித்து எண்ணிப் பாருங்கள். கூடத்தான் இருக்கும்.