சொல்லாமல் வைத்த செய்தி

வானொலியில் திரைப்படச் செய்தி வாசிக்கும் அவர், தாம்பரத்தில் என்னோடு மின்சார ரயில் ஏறுவார். உடம்பு ஒடிசல், குரலோ கனமானது. குரோம்பேட்டையில் வண்டி கிளம்பியதும் அன்றைய செய்தியைத் தணிந்த குரலில் சொல்லிப் பார்ப்பார். பல்லாவரம் வருமுன் முடியாவிட்டால் ஒரு வரியை அடித்துவிடுவார். வானொலி அவருக்கு அளித்த நேரம் அவ்வளவே.

ஒருநாள் பல்லாவரம் கடந்தும் அவர் வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டேன். புகழ்பெற்ற நடிகை ஒருவர் படவுலகை விட்டு விலகப்போவதாக அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாராம்.

"இன்னிக்கே சொல்லிடுங்க சார்! விட்டா பேப்பர்காரன் போட்டுடுவான்" என்று பதறினேன்.

"போட்டுட்டுப் போறான் சார். அந்தப் பொண்ணு அவங்கம்மா கிட்ட இன்னும் சொல்லலை. அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா ரேடியோவை விடாம கேப்பாங்க."

மூன்றாம் நாள் நாளிதழ் அதை முதற்பக்கத்தில் வெளியிட்டது. அவருடைய இருபதாண்டுத் தொழிலில் கிடைத்த மிகப் பெரிய செய்தி அது. என் கையிலிருந்த தாளை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார்.

"அம்மா கிட்ட நேத்தே சொல்லிட்டாங்களாம் சார். இவனும் நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று மனமாரச் சொல்லிவிட்டு, கோடம்பாக்கத்தில் இறங்கிப்போனார்.

அன்று அலுவலகத்தில் வேலை ஓடாமல் தவித்தவன் நான்தான்.