விமானம் விழுந்த உச்சி

அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு குன்றில் எப்போதோ ராணுவ விமானம் ஒன்று மோதி விழுந்தது. போன வருடம் முள்ளில் கிழிபட்டு ஏறி, உச்சிப் பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்த அதன் இறக்கைத் துண்டைப் பார்த்தேன். அன்று மழை பிடித்துக்கொண்டதால் படம் எடுக்க முடியவில்லை.

இந்தத் தை மாதம் கேமராவோடு திரும்பப் போனேன். அந்த உச்சியே இல்லை. கல் குவாரிக்காரர்கள் குன்றைப் பாதிக்கு வெட்டியிருந்தார்கள். கீழே ஜல்லி லாரிகள் நின்றன.

இறக்கை எங்கே என்று குவாரி மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அந்தத் தகரமா? வெடி வச்சப்ப கல்லோட கல்லா வந்துடுச்சு சார். பழைய இரும்புக்காரன் தூக்கிக்கினு போய்ட்டான்."

"அதுல ஆளு செத்திருக்கான்யா!" என்று கத்தினேன்.

"எப்பவோ செத்ததுக்கு இப்ப ஏன் சார் பேஜாரு பண்ணிக்கினு?"

நான் கேமராவைத் தூக்கியதும் மேஸ்திரி பாய்ந்து கையால் மறைத்தார். "இங்கல்லாம் போட்டோ எடுக்கக் கூடாது."

அவர் கையைத் தட்டிவிட்டு, உச்சி இருந்த இடத்தில் தெரிந்த வானத்தைப் படம் எடுத்தேன்.

"அங்கதான் ஒண்ணுமே இல்லியே சார். எதப் புடிக்கிறீங்க?"

"நீங்க திருடிக்கினு போனத," என்றேன்.