செய்திக்கு முந்திய சுவர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாக எனக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார் என்று நான் நம்பினேன். அரைகுறையாக இல்லை, முழுசாக. நாற்பத்தெட்டு வயது, பதினெட்டு வருடம் செக்யூரிட்டி வேலை, இரண்டு முறை திருடனைத் துரத்தி ஒருமுறை பிடித்தும் இருக்கிறேன். அவன் தடுக்கி விழுந்ததால்தான் பிடித்தேன் என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்ட வீரன்தான் நம்பினேன்.

ஆங்கிலம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் நான் காவல் இருந்த ஐ.டி. வளாகத்தை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மொத்தமாக எடுத்துக்கொண்டது. இனி ஷிப்ட் இன்சார்ஜ் தினமும் வீடியோ காலில் அவர்களுக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். எங்கள் ஏஜென்சி மேனேஜர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து அறிவித்தார். இருப்பது ஒரே ஒரு இன்சார்ஜ் பதவி. ஒரு மாதத்தில் இன்டர்வியூ. ரிப்போர்ட் எப்படிச் சொல்வது என்று ஒரு தாளும் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தேறினா இங்க இருப்பீங்க. இல்லன்னா உங்க வயசுக்கு இந்த சைட்ல போஸ்ட் கிடையாது. பொம்மனஹள்ளில ஒரு குடோன் கேட் இருக்கு" என்றார். ஜீவனஹள்ளியில் இருக்கிறவனுக்கு பொம்மனஹள்ளி என்றால் இரண்டு பஸ், ஓசூர் ரோடு நெரிசல், பன்னிரண்டு மணி நேரம் தனியாக ஒரு இரும்புக் கதவு. என் முட்டிக்கால் அன்றைக்கே வலிக்க ஆரம்பித்தது.

என்னிடம் இருந்த ஆங்கிலம் மூன்று வாக்கியம். ஐடி கார்டு ப்ளீஸ். சைன் ஹியர் சார். பார்க்கிங் ஃபுல். இதை வைத்துப் பதினெட்டு வருடம் ஓட்டியதே பெரிய சாதனை.

மூன்றாவது மாடியில் வேலை பார்க்கும் ஒரு இன்ஜினியர் பெண்மணிதான் வழி சொன்னார். "நியூஸ் கேளுங்கண்ணா. அவங்க சொல்லச் சொல்ல நிழல் மாதிரி பின்னாடியே சொல்லுங்க. அர்த்தம் புரியலன்னா விடுங்க. வாய் பழகட்டும்."

எனக்கு மதிய ஷிப்ட். காலை நேரம் சும்மாதான் கிடக்கும். போனில் ரேடியோ ஆப் ஒன்றை இறக்கினேன். எட்டேகால் ஆங்கிலச் செய்தி. ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது என் குரலைக் கேட்க. படுக்கையறைச் சுவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, செய்தி வாசிக்கிற அம்மாவின் பின்னாலேயே ஓடினேன். அவர் நடந்தார், நான் மூச்சிரைத்தேன்.

நாலாவது நாள்தான் சுவருக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது.

மார்கழிக் குளிர். தெருவில் பனி இறங்கி எதிர்வீட்டு மாடிப்படிகூடத் தெரியவில்லை. முனகல் தாழ்ந்த குரலில், மூச்சும் பேச்சும் பாதிப்பாதியாகக் கலந்து வந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. வயசான குரல் போலவும் இருந்தது. என் குரல்தான் எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். ஒற்றைச் செங்கல் சுவர், எதிரொலிக்கும். ஆனால் எதிரொலி பின்னால்தான் வரும். இது முன்னால் வந்தது.

சுவர் "டென்ஸ் ஃபாக்" என்றது. விமானங்கள் தாமதம் என்பதுபோல் ஏதோ சொன்னது. நான் அப்போது வேறு எங்கோ ஒரு மந்திரியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். முக்கால் நிமிடம் போயிருக்கும். என் காதுக்குள் செய்தி வாசிக்கிற அம்மா, அதே நிதானத்தோடு, "டென்ஸ் ஃபாக்" என்றார்.

இயர்போனைப் பிடுங்கி எறிந்தேன். அது என் மடியிலேயே விழுந்து தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்கார அம்மா மாடியில் இருக்கிறார். காலாகாலமாக பெங்களூர்த் தமிழ். தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கிய அவரை மடக்கி, பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன்.

"அய்யோ ராமா, அந்த ஊட்லயா? யாரும் இல்லப்பா. பெரியவரு அவிட்டத்துல போயிட்டாரு. ஆறு மாசம் அடைப்பு. அவங்க ஜனங்களே தொறக்க மாட்டாங்க."

அடைப்பு என்றதும் என் நெஞ்சும் கொஞ்சம் அடைத்தது. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைப்பது எங்கள் பக்கத்திலும் வழக்கம்தான். போன உயிர் சுலபத்தில் வாசலைத் தாண்டாது என்பார்கள்.

"குடிவரும்போது சொல்லலியே அக்கா?"

"சொன்னா வந்திருப்பியா?" என்றார். நியாயமான பதில். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். "நல்ல மனுஷன்பா. மிலிட்டரி மெஸ்ஸுல சாப்பாடு பரிமார்ற பேரரா இருந்தாரு. தெனம் காலைல இங்கிலீஷ் நியூஸ் வைப்பாரு. கூடவே சொல்லிட்டு இருப்பாரு. ஏன், உனக்கு இன்னா ஆச்சு? மூஞ்சி வெளுத்துடுச்சு?"

குளிர் என்றேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சப்பாத்தி மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. "செத்தவரு வேலையத்துப் போய் உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தராரா? உயிரோட இருக்கற எங்கண்ணனே மூணு மாசம் சொல்லிக் குடுத்துட்டு கும்புடு போட்டுட்டாரு."

மறுநாள் அவளையும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். முனகல் வந்தது. கை மாவோடு அப்படியே நின்றாள். கிண்டல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் நிழல் வேலையைத் தொடர்ந்தேன். ஒரு இடத்தில் வார்த்தை பிடிபடாமல் என் குரல் நின்றது.

சுவரும் நின்றது.

நாங்கள் மூச்சு விடவில்லை. அந்தப் பக்கத்திலும் யாரோ மூச்சு விடாமல் இருப்பதுபோல் இருந்தது. பிறகு சுண்ணாம்பின் மேல் உள்ளங்கை ஒன்று மெதுவாக வழுக்கிக்கொண்டு போகிற சத்தம். என் தோள் உயரத்தில் தொடங்கி, என் காது இருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றது.

மனைவி போய் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். "அந்தச் சொவுத்துக்கிட்ட இனிமே உக்காராதீங்க" என்றாள். அவள் குரலே அவள் குரல் மாதிரி இல்லை.

யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். எனக்கு ஒரு பக்கம் பொம்மனஹள்ளி, ஒரு பக்கம் பேய். யோசித்துப் பார்த்தேன். பேயிடம் முட்டி வலிக்காது. தவிர, இன்னும் வாசிக்காத செய்தியை முன்கூட்டியே சொல்லும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது அவரைப் பகைத்துக்கொள்வது மடத்தனம். மறுநாள் காலை சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, "ஐயா, முக்கால் நிமிஷம் முன்னாடி சொல்றீங்க. கொஞ்சம் மனசு வெச்சு ஒரு நாள் முன்னாடி சொல்லுங்களேன். கிரிக்கெட் ரிசல்ட் மட்டும் போதும்" என்று மெதுவாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பல் கிட்டித்துப்போனதால் சிரிப்பு வெளியே வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. செய்தி முடிந்துவிட்டது. போனில் பாட்டு வந்துகொண்டிருந்தது. சுவர் நிறுத்தவில்லை. தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சுக் குரலில் சொன்னது.

"குட் மார்னிங் சார். ஆல் போஸ்ட்ஸ் ஆர் கவர்ட். நோ இன்சிடென்ட் டு ரிப்போர்ட்."

மேனேஜர் கொடுத்த தாளின் முதல் மூன்று வரி. அந்தத் தாள் என் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது.

அந்தத் தாளை வாங்கியவர்கள் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள் என்பது ஒரு செக்யூரிட்டிக்காரன் மூளைக்கு எட்டியிருக்க வேண்டும். எனக்கு எட்டவில்லை. பெரியவருக்கு என் பையில் இருக்கும் காகிதம்கூடத் தெரிகிறது, இன்டர்வியூவில் அவரே பார்த்துக்கொள்வார் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதை விட்டேன். பயமும் ஒரு காரணம், பக்தியும் ஒரு காரணம். எட்டேகாலுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சுவர் சொல்வதைக் கேட்டேன். அது ஒரே வாக்கியத்தைப் பத்து தடவை சொல்லும். நடுநடுவே நிறுத்தும். எனக்காகக் காத்திருப்பது போல் இருக்கும். நான் பேசாமல் இருப்பேன். சில நாட்களில் அந்த நிறுத்தம் ரொம்ப நேரம் நீண்டது. ஒருநாள் அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சியது மாதிரி கேட்டது. பேய்க்கும் பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இன்டர்வியூ வளாகத்தின் பேஸ்மென்ட்டில், கன்ட்ரோல் ரூமுக்கு அடுத்த அறையில் நடந்தது. வெளியே பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய்கள் உறுமின. ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. எதிரே வரிசையாகக் கார்கள், ஒன்றிலும் ஆள் இல்லை. உள்ளே ஏற்கெனவே யாரோ இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது.

கதவுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"குட் மார்னிங் சார். ஆல் போஸ்ட்ஸ் ஆர் கவர்ட்."

அதே மூச்சு, அதே நிதானம், 'சார்' என்ற இடத்தில் அதே சின்ன இழுப்பு. ஜீவனஹள்ளிச் சுவரிலிருந்து எழுந்து, பஸ் ஏறி, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் எழுந்துவிட்டேன். ஓடுவதற்கு வழி தேடினேன். காவல்காரன் அல்லவா, எமர்ஜென்சி எக்ஸிட் எங்கே என்று மனப்பாடம். ஆனால் கால் நகரவில்லை. தொப்பி மட்டும் கையிலிருந்து விழுந்து ஒரு காருக்கு அடியில் உருண்டது.

கதவு திறந்தது. இரண்டாம் கேட்டில் பெண்களைப் பரிசோதிக்கும் லேடி கார்டு வெளியே வந்தாள். முப்பது வயதிருக்கும். விவேக் நகரில் குடியிருக்கிறாள் என்று தெரியும், அதற்கு மேல் பேசியதில்லை.

"என்னண்ணா, இப்டி வேர்க்குது?"

"நீ... இந்த இங்கிலீஷ எங்கம்மா கத்துக்கிட்ட?"

"ரேடியோ நியூஸ்லண்ணா." இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மாமியார் வீடு ஒரே ரூமு, ஆறு பேரு. இங்கிலீஷ்ல வாயத் தொறந்தா சிரிக்கறாங்க. எங்கப்பா குடியிருந்த வீடு ஜீவனஹள்ளில அடைப்புல பூட்டிக் கெடக்கு. பின்பக்கத்து சாவி என்கிட்ட இருக்கு. அடைப்பு வீட்டுக்குள்ள போறேன்னு தெரிஞ்சா எங்கண்ணனுங்க கொன்னுடுவாங்க. அதான், அப்பாவோட டிரான்சிஸ்டர காதுல வெச்சுக்கிட்டு சத்தம் வராம சொல்வேன்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பேய் போய்விட்டது. வெட்கம் வந்து உட்கார இடம் கேட்டது.

"பயமா இல்லையா?"

"ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே? அப்பா அங்கதான் இருந்தாருண்ணா. நான் ஒரு லைன் சொன்னா, கொஞ்ச நேரம் கழிச்சு சொவுத்துக்குள்ளயிருந்து அதையே திருப்பிச் சொல்வாரு. பக்கத்து வீடு காலி, ஆளே கெடையாது. ஒரு நாள் சொவுத்த தொட்டுக்கூட பாத்தேன். அப்பறம் திடீர்னு பேச்ச நிறுத்திட்டாரு. என்ன கோவமோ தெரியல. ரொம்ப அழுதேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் இருக்கிறதே.

"அந்த வீட்டுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஆள் வந்தாச்சும்மா. அது நான்தான்."

டியூப்லைட் இரண்டு தடவை அணைந்து எரிந்தது. அவளிடமிருந்து அப்பாவை இரண்டாம் முறையாகப் பறித்துவிட்டேனோ என்று பட்டது. பிறகு அவள் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உதடு ஓரம் துடித்தது.

"செத்தப்புறம் அப்பா இங்கிலீஷ் இவ்ளோ கெட்டுப்போச்சேன்னு நெனச்சேன்ண்ணா."

குனிந்து காருக்கு அடியிலிருந்து என் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும், திரையில் ஒரு வெள்ளைக்காரரும். ரிப்போர்ட் சொல்லுங்கள் என்றார்கள். தாளில் இருந்த வரிகள் எல்லாம் எனக்கு நினைவில் இருந்தன. வாயைத் திறந்தேன். மூன்று வாரப் பழக்கம், யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் இருந்தது. வெள்ளைக்காரர் தன் பக்கம் லைன் போய்விட்டதோ என்று திரையைத் தட்டிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். செய்தி டிரான்சிஸ்டருக்கு முதலில் வந்தது, என் போன் ஆப்புக்கு முக்கால் நிமிடம் தாமதமாக வந்தது. அவள் ஒரு நாள் விடாமல் பேசிப் பழகினாள், நான் பாதியில் பேச்சை நிறுத்தினேன். இன்சார்ஜ் பதவி அவளுக்குக் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை நான் பொம்மனஹள்ளி குடோன் கேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன்.