நல்லவர்களைக் குடிவைப்பவள்

கையில் டப்பாவும் கரண்டியுமாக நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கைப்பேசியைக் காதில் வைத்து, எதிர்முனையில் ஆளே இல்லாமல் ஊர்க்கதை பேசுகிறாள். பின்னால் அவள் வளர்க்கும் நாய் செடி செடியாக முகர்ந்து இடம் தேடுகிறது. யாராவது பார்த்தால் அதற்கு வராது. அவ்வளவு கூச்சம்.

கால்நடை மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருபது வருடமாக மலப் பரிசோதனை வேலை. எல்லோருக்கும் அவள் டப்பா அம்மா. எந்த நாய் எந்தக் குப்பைத்தொட்டியில் தலையை விட்டது என்பதை டப்பாவைக் குலுக்கியே சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒருவரிடம், "உங்க வீட்டு சோபா பச்சைக் கலரா?" என்று கேட்டாள். மனிதர் வீட்டுக்கு ஓடினார். சோபாவில் ஒரு கை இல்லை.

இன்றைய அவசரம் தையல்காரரின் நாய்க்காக. நான்கு மாதமாக வயிற்றுப்போக்கு. தீனியை மாற்றியாயிற்று, மருந்தையும் மாற்றியாயிற்று. நாய் இளைக்க இளைக்க, அதன் கழுத்துப்பட்டையை அவர் வாராவாரம் பிரித்துச் சின்னதாகத் தைத்துக்கொண்டிருக்கிறார். இனி மிச்சம் ஒரே வழிதான் என்றார் டாக்டர். ஆரோக்கியமான நாயின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியே நோயாளியின் குடலுக்குள் ஏற்ற வேண்டும். எல்லாப் பரிசோதனையிலும் தேறியது டப்பா அம்மாவின் நாய். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பெற்றவள் போல அன்று அவள் கால் தரையில் பாவவில்லை.

தையல்காரருக்குத்தான் முகம் சுருங்கியது. அவரை உட்காரவைத்து விளக்கினாள்.

"வயித்துக்குள்ள ஒரு ஊரே குடியிருக்குங்கய்யா. கண்ணுக்குத் தெரியாத சனம். மருந்து போட்டதுல கெட்டவங்களோட நல்லவங்களும் காலிபண்ணிட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுலேருந்து கொஞ்சம் பேரைக் கொண்டுவந்து குடிவைக்கப் போறோம்."

"வர்றவங்க நிலைச்சு இருப்பாங்களாம்மா?"

"பத்து நாள் கழிச்சு ஒரு டப்பா கொண்டாங்கய்யா, பார்த்துச் சொல்றேன்."

இப்போது மணி ஏழரை. எட்டரைக்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். நாய் குந்தப் போகிறது, நிமிர்கிறது. அண்ணாந்து பார்த்தால், மாடியில் பல்துலக்கியோடு, வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்.

"உள்ள போங்க. உங்களைப் பார்த்தாதான் அதுக்கு அடைச்சுக்குது."

"என் வீட்டு மாடியில நிக்க நான் நாய்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"இன்னிக்கு வாங்கித்தான் ஆகணும். அங்க ஒரு உசுரு காத்துக்கிட்டிருக்கு."

வீட்டுக்காரர் உள்ளே போகிறார். நாய் வேலையை முடிக்கிறது. அவள் பிடித்த ஓட்டத்தில் இரண்டு மிதிவண்டிகள் வழிவிடுகின்றன.

குழாய் வழியே ஏற்றிய பத்தாம் நாள் தையல்காரர் ஒரு டப்பாவோடு வருகிறார். மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். அவள் விளக்கடியில் மூடியைத் திறக்கிறாள். கெட்டியாக, முழுசாக, வழவழவென்று கிடக்கிறது. வேலை நேரத்தில் ஒருநாளும் கழற்றாத முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறாள்.